பல்வரிசை

லியேபாயாவில் காற்றுக்கு ஞாயிறும் கிடையாது.
டாக்டர் வெல்டா பல் மருத்துவமனையை மூடிய வாரம்
சம்பள பாக்கிக்குப் பதிலாக
இந்தக் கணினியைத் தூக்கி வந்தேன்,
டிராமில், மடியில் வைத்து.
பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார்: ஓடுமா?
ஓடாது, இனிப் பாடும் என்றேன்.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வன்தட்டைத் திறந்தால்
பதினேழு வருடத்துத் தாடைகள்.
எக்ஸ்ரே படங்கள், பெயர் வாரியாக:
மீன் ஆலையில் பாதிப் பேர்,
துறைமுகத்துச் சுங்க அதிகாரி,
இரண்டு பாதிரியார்கள்
(ஒருவருக்குக் கடைவாயில் ஒன்றுமே இல்லை),
கடைசியில் நான்,
கோணலாய்ப் படுத்திருக்கும் ஞானப்பல்லோடு.
பிறர் வாய் பிறர் சொத்து.
ஒன்று விடாமல் அழித்தேன்.
நாற்பது நிமிடம்.
அடைத்துக் கொடுத்த ஒரு குழிக்கே
அதைவிட நேரமாகியிருக்கிறது.

பிறகு விசிறி.
அது சுழலும்வரை
எந்த மெல்லிய குரலும் கரையேறாது.
கழற்றிப் போட்டேன்.
சூடேறாமலிருக்க வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன்.
திரை வேண்டாம். விசைப்பலகை வேண்டாம்.
இணையத்துக்கான அட்டையையும் உருவினேன்,
புதுப்பி புதுப்பி என்று நச்சரிக்க இனி ஆளில்லை.
மிச்சம் ஒரே பொத்தான்:
அழுத்தினால் பாடு,
மறுபடி அழுத்தினால் தூங்கு.

"நாற்பது யூரோவுக்குக் கடையிலேயே கிடைக்குமே"
என்றார் குன்டிஸ்.
என் வாயில் திருகாணிகள் இருந்ததால்
தப்பித்தார.

பாட்டுகளை ராஸ்மா கொடுத்தாள்,
பிளாஸ்டிக் பையில் ஒரு பிடி நினைவக அட்டைகள்.
தீயணைப்பு நிலையத்து மாடியில்
செவ்வாய்தோறும் எங்கள் சேர்ந்திசை ஒத்திகை,
அவள் கைபேசியில் பதிந்தது.
கோப்புகளுக்குப் பெயரில்லை, தேதி எல்லாம் தப்பு.
எது முன்னே, எது பின்னே?

மூன்றாவது கோப்பில்
தாலிவல்டிஸ் விசிலடித்தார்.
பனி ஹாக்கியில் உடைந்த முன்பல்;
எங்கள் மொழியிலோ பாதிச் சொல் ஸ்-இல் முடியும்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு சீழ்க்கை.
ஒன்பதாவது கோப்பில் சீழ்க்கை இல்லை.
அந்தப் பல்லைக் கட்டிய நாள் எனக்குத் தெரியும்:
நவம்பர், மழை, மின்சாரம் இருமுறை போனது,
உறிஞ்சுகுழாயைப் பிடித்திருந்தவள் நான்.

அப்படியே அடுக்கத் தொடங்கினேன்.
மிர்ட்சாவின் புதுப் பல்செட்
தாளத்துக்கு அரைநொடி பிந்தி டக் என்கிறது:
அது ஈஸ்டருக்கு அடுத்த மாதம்.
ஒரு கோப்பில் ஆல்ட்டோ வரிசையில் ஓர் ஓட்டை,
மிர்ட்சாவே இல்லை:
அது பிடுங்கிய வாரம்.
அழித்த படங்கள் ஒவ்வொன்றாய் வந்து
இருட்டில் என் முன் நின்றன.
பல் போனால் சொல் போச்சு என்பது
பாதி உண்மை.
போன இடமும் பாடுகிறது.

ஆனால் இருபதாவது கோப்புக்கு மேல்
என் கணக்கு நொண்டுகிறது.
அடித்தொனியில் நான்கு பேர், மூன்று பேர்,
தாலிவல்டிஸ் அயர்லாந்தில் காளான் கொட்டகைக்குப் போகிறார்,
பிறகு இரண்டு.
அந்த இடங்களுக்கு
என்னிடம் படம் ஏதும் இருந்ததில்லை.

கடைசிக் கோப்பை இன்று காலை போட்டேன்.
முதலில் நாற்காலிகள் இழுபடும் சத்தம்.
யாரோ இருமுகிறார்கள்.
என் குரல், வெட்கமில்லாமல் அரைச்சுரம் கீழே.
பாட்டு நிற்கிறது.
ராஸ்மா சொல்கிறாள்:
"வாயைத் திறங்கள். இன்னும். இன்னும் கொஞ்சம்."

சமையலறையில் என் வலது கை
சிறு கண்ணாடியைத் தேடி
மேசைமேல் தட்டுகிறது.