மைனஸ் நாற்பது

ரெமோன் தன் புல்லட்டை விற்று வாங்கிய இ.சி.யு.
கறுப்புப் பெட்டி, உள்ளங்கை அகலம்தான்.
அதற்குள் போக இருபத்தாறு வயர்.
நூருல்லா ஒவ்வொன்றுக்கும் வெள்ளை டேப் ஒட்டி
பால்பாயின்ட் பேனாவில் எழுதினான்:
இன்ஜெக்டர் ஒன்று, இன்ஜெக்டர் இரண்டு, பம்ப், விசிறி.
ஒன்றில் மட்டும் கேள்விக்குறி.

தட்டாஞ்சாவடி ஷெட்டில் மே மாத மதியம்.
தகரக் கூரைக்குக் கீழே எஸ்டீம் வாயைப் பிளந்து நின்றது.
டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த ஓட்டையை
அலுமினியத் தகட்டால் அடைத்தாயிற்று.
கிராங்க் புல்லியில் புதுப் பல்சக்கரம்:
முப்பத்தாறு பல்லுக்கு இடம், முப்பத்தைந்து பல்.
முப்பத்தைந்தும் சும்மா கடந்துபோகும்.
பொக்கை வரும்போதுதான் பெட்டி நிமிர்ந்து உட்கார்ந்து
ஒன்று என்று எண்ணத் தொடங்கும்.

சாவியைத் திருப்பினேன்.
ஒரு செருமல். கறுப்புப் புகை.
மறுபடி. மறுபடி.
கழற்றிய பிளக் நான்கும் பெட்ரோலில் குளித்து
கரி பூசிக்கொண்டு வந்தன.
நூருல்லா பிரஷ் போட்டு வெயிலில் காயவைத்தான்,
வடகம் மாதிரி.
நான் மேப்பைத் திறந்து
பத்து சதவீதம் குறைத்தேன், இன்னும் பத்து,
ரேஷன் கடைக்காரி மாதிரி
கட்டம் கட்டமாய் எல்லார் பங்கிலும் கைவைத்தேன்.
அப்படியும் புகை.
"பெட்டியே டூப்ளிகேட்டோ?" என்றான் ரெமோன்,
மூன்றாவது தடவையாக.

ஆறரைக்கு பேட்டரி படுத்தது.
சார்ஜ் ஏறும்வரை செய்ய ஒன்றுமில்லாமல்
லேப்டாப்பில் அதுவரை போகாத பக்கத்துக்குப் போனேன்.
எஞ்சின் வெப்பம்: மைனஸ் நாற்பது டிகிரி.

பாண்டிச்சேரியில். மே மாதத்தில்.
நூருல்லாவின் பனியனைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும்,
பொழுது சாய்ந்தும் ஸ்பானர் கையைச் சுடுகிறது.
பெட்டியோ ஏதோ உறைந்த ஏரிமேல் நிற்பதாக நம்பி
ஐயோ பாவம், விறைத்துப்போன எஞ்சினுக்கு
இன்னும் கொஞ்சம் குடி, இன்னும் ஒரு மடக்கு என்று
ஊட்டி ஊட்டி மூழ்கடித்திருக்கிறது.
நாலு மணி நேரம் அதைப் போய்த் திட்டியிருக்கிறேன்.

சென்சார் கனெக்டர் டிக்கென்று பூட்டித்தான் இருந்தது.
பிரித்தால், உள்ளே ஒரு பின்
பின்வாங்கி நிற்கிறது, அரிசி நீளத்துக்கு.
கேள்விக்குறி வயர்.
நூருல்லா என்னைப் பார்க்காமல் அதை ஊசியால் தள்ளினான்.
முப்பத்தெட்டு, என்றது திரை.

அடுத்த திருப்பில் பிடித்துக்கொண்டது.
ரெமோன் போனோடு வெளியே ஓடினான்.
நான் டைமிங் லைட்டைப் புல்லிமேல் அடித்தேன்.
பத்து டிகிரியில் பூட்டிவைத்திருந்தேன்,
வெள்ளைக் கோடு அசையாமல் நிற்கவேண்டும்.
ஆக்சிலேட்டர் ஏற ஏற
கடன் கொடுத்தவனைத் தெருமுனையில் கண்டவன்போல
மெல்லப் பின்னால் நழுவியது.

கிராங்க் சென்சாரின் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன.
இது நூருல்லா இல்லை. இது நான்.
சொன்னேன்.
சொல்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பத்தே முக்கால்.
எண்ணூற்றைம்பதில் ஐடிலிங், தாளம் தப்பாமல்.
மூவாயிரத்து இருநூறில் மட்டும் ஒரு தும்மல்.
காயிலா, எர்த்தா, என் மேப்பா, தெரியவில்லை.
கடல் பக்கத்தில்தான்;
உப்பு எந்த போல்ட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறதோ.
நாளைக்கு.

ஃபைலுக்கு 'பைனல்' என்று பெயர் கொடுத்தேன்.
ஏற்கனவே இருக்கிறது, என்றது.
'பைனல் இரண்டு' என்றேன். அதுவும் இருந்தது.
யோசித்துக்கொண்டிருக்கையில்
ரேடியேட்டர் விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது.
பெட்டிக்கும் புழுங்க ஆரம்பித்துவிட்டது.