அரைப் பேர்

நாளைக்கு மூன்று தரம் கொழுந்து நிறுக்கிறேன்.
சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு,
முற்றல் இலைக்குக் கழிவு.
கிலோ குறைந்தால் அரைப் பேர், அரைநாள் காசு.
கணக்குத் துரையுடையது.
வாசிக்கிற வாய் என்னுடையது,
திட்டு வாங்குவதும் அதே வாய்தான்.

லொறி போனபின் மடுவத்துக் கதவைச் சாத்திவிட்டு
அந்தத் தட்டில் நான் ஏறுவேன்.
சப்பாத்துக்குக் கழிவு. பெல்ட்டுக்குக் கழிவு.
தூறலில் நனைந்த சட்டைக்கும் கழிவு.
எவ்வளவு கழித்தும்
எனக்கு நான் முழுப் பேர் போட்டதேயில்லை.

தலவாக்கலையில் மச்சானுக்குக் கல்யாணம்.
படம் பிடித்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:
"அண்ணே, நீங்க கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்க,
பொண்ணு மறையுது."
எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.
பின்னுக்குப் போனவன்
இரண்டு வருஷமாய் முன்னுக்கு வரவில்லை.

ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து நாய்க்குப் போட்டேன்.
எங்கள் லயத்து நாய் கொழுத்தது.
முதலில், "ஆள் எடுப்பாயிட்டாரு" என்றார்கள்.
பிறகு, "சீனியா?"
பிறகு, "யாரும் பொண்ணு ஏமாத்திட்டாளா?"
சாப்பிட்டாச்சா என்று கேட்காத ஆள்
இந்த மலையில் இல்லை.
ஆச்சு என்பது மிகச் சுலபமான சொல்.

ஒரு பகல் நிறுவையில்
சிவப்பு எண்கள் இரண்டிரண்டாய்த் தெரிந்தன.
கண் திறந்தபோது கொழுந்துக் குவியலில் கிடந்தேன்.
புஷ்பராணி காதுக்குப் பக்கத்தில், யாருக்கும் கேட்காமல்:
"ராத்திரி நீ தராசுல ஏறுறது எங்களுக்குத் தெரியும்.
காலையில தட்டுல சேத்துக்கால் இருக்கு.
வெறுங்கால். அதுவும் ஒண்ணு."
ஒற்றைக் காலில் நின்றால் குறையுமென்று
ஒரு காலம் நம்பியிருந்தேன்.
"எனக்கு எத்தனை அரைப் பேர் போட்டிருப்ப.
ஏறு லொறியில."

டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒரு கடதாசி தந்தார்கள்.
ஆறாவது கேள்வி:
கடைசியாக மாதவிடாய் வந்தது எப்போது?
பேனை அங்கேயே நின்றுவிட்டது.
நிமாலி டொக்டர் அதை நீலக்கோட்டால் வெட்டினார்.
"இது செய்த ஆக்கள் ஆம்பிளையை நினைக்க இல்லை.
நாங்க வேற கேள்வி போடுவம்"
என்று உடைந்த தமிழில் சொல்லி
கையால் எழுதினார்:
பசித்தால் யாருக்குச் சொல்வீர்கள்?

அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை.

வெளியே வாங்கில் பக்கத்தில் ஒருவன்,
ஹற்றன் ஜிம்முக்குப் போகிறவன், பெயர் றொஷாந்தன்.
கை பலா அடிமரம்.
முழுக்கைச் சட்டையை இழுத்து இழுத்து மூடினான்.
"மெலிஞ்சு கிடக்குது அண்ணே, பார்க்கச் சகிக்காது."
டப்பாவில் அவித்த முட்டையின் வெள்ளை மட்டும்.
மஞ்சள்?
"அது வீட்டுக் குப்பையில."
அவன் பெருக்க வந்தான், நான் குறைய வந்தவன்,
இரண்டு பேருக்கும் சோற்றைக் கண்டால் பயம்.
வெளியில் சொன்னால் சிரிப்பார்கள்.
நாங்களே சிரித்தோம்,
நர்ஸ் எட்டிப் பார்க்குமளவுக்கு.

என்னைத் தராசுக்கு முதுகுகாட்டி நிற்கச் சொன்னார்கள்.
எண்ணை நர்ஸ் எழுதினார், கொப்பியை மூடினார்.
கணக்கப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லாத தராசை
அன்றுதான் கண்டேன்.
கை நடுங்கியது. கோபமும் வந்தது.
திரும்பிப் பார்க்க எத்தனித்தேன், பொய் சொல்லவில்லை.

இது மூன்றாவது மாதம்.
மடுவத்துச் சாவி இரவில் லொறிக்காரர் நஸீரிடம்;
நானேதான் கொடுத்தேன்,
இரண்டு தரம் திருப்பிக் கேட்டும் இருக்கிறேன்.
இன்று காலை ரொட்டியில் பாதி போயிற்று.
நாய் வந்து நின்றது.
மிச்சத்தைத் தாளில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

பத்துமணி நிறுவை.
சாக்கை இறக்கிவிட்டுப் புஷ்பராணி கேட்டாள்:
"இன்னிக்கு உனக்கு என்ன பேர்?"
"அரை."
"சரி, எழுதிக்க. அரைப் பேருக்கும் காசு உண்டு."
பிறகு எட்டி எண்ணைப் பார்த்துக் குரல் உயர்த்தினாள்:
"ஈரத்துக்கு எதுக்கு ரெண்டு கிலோ வெட்டுற?
இன்னிக்கு மழையா பேஞ்சுது?"

நிமிர்ந்து பார்த்தேன்.
மலை முழுக்க வெயில்.