மூணாறு தலைப்பு லஸ்கரின் இருநூறு பங்குகள்

மன்னார்குடியில், காப்பித்தூள் கடைக்கு மாடியில்
எங்கள் பங்கு அலுவலகம்.
கீழே அரவை மிஷின் ஓடும்போதெல்லாம்
திரையில் எண்கள் லேசாக நடுங்கும்.
விலைதான் நடுங்குகிறதென்று
புதிதாக வருகிறவர்கள் பயந்துபோவார்கள்.

அமிர்தகடேசன் பயப்படவில்லை.
மூணாறு தலைப்பில் லஸ்கர் வேலை.
நகக்கண்ணில் ஷட்டர் கிரீஸ்.
நாலாய் மடித்த டீமேட் தாளைப் பிரித்து வைத்தார்:
கதிர்மணி கம்ப்யூட்டர்ஸ், இருநூறு பங்கு.
வாங்கியது எண்பத்து நாலு.
இன்றைக்கு அறுபத்தொன்று.

'மெட்ராஸ்காரன் என்ன சொல்றான், படிங்க.'
ஃபேக்ஸில் வந்த அறிக்கையைப் படித்தேன்.
சிப் செய்யும் இரண்டு கம்பெனிக்கும் போட்டி முற்றிவிட்டது.
தீபாவளிக்கு எழுநூறு மெகாஹெர்ட்ஸ்,
பொங்கலுக்கு எண்ணூற்றைம்பது,
இந்த ஆடியில் ஆயிரத்தைத் தாண்டியாயிற்று.
சண்டையில் சிப் விலை சரியும்,
அதை வாங்கிப் பெட்டி செய்கிற கதிர்மணிக்கு
லாபம் கூடும்.
வாங்கலாம். இலக்கு நூற்றுப்பத்து.

கொஞ்ச நேரம் அரவைச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்.
'மேட்டூர்ல பதினெட்டாயிரம் கன அடின்னு
ரேடியோவுல சொல்லிருவான்.
முத்துப்பேட்டைக்காரன் அதைக் கேட்டுட்டு
நாத்தங்கால்ல போய் நிப்பான்.
எவ்வளவு வந்துச்சுன்னு
என் அளவுகோலுக்குத்தான் தெரியும்.'

பிறகு கேட்டார்:
'ஏற்கெனவே செஞ்சு வச்ச பெட்டியெல்லாம்
இப்ப எங்க இருக்கு?'

ஆறு வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.
அலமாரியில் ஆண்டறிக்கையைத் தேடி எடுத்தேன்.
முப்பத்தொன்றாம் பக்கம், அடிக்குறிப்பு, பொடி எழுத்து.
ஓசூர் கிடங்கில் விற்காத சரக்கு
நூற்றுப் பதினாலு நாளுக்கு.
எப்போது செய்தவை என்று எழுதவில்லை.
மார்ச் முப்பத்தொன்றிலிருந்து
பின்னோக்கி விரல்விட்டு எண்ணினோம்.
தீபாவளிக்குப் பக்கத்தில் போய் நின்றது.
எழுநூறு. தீபாவளி விலைக்கு வாங்கின சிப்.

ஒன்றும் உடையவில்லை. துருப்பிடிக்கவில்லை.
பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை.
கடல் தாண்டி எவனோ ஆயிரம் என்று அறிவித்த காலையில்
அத்தனை பெட்டிக்கும் ஒரே சமயத்தில் வயதாகிவிட்டது.
கொள்முதல் நிலைய வாசலில் குவித்த குறுவை நெல்
மழையே இல்லாமல் நனைந்ததுபோல.

'ஈரம் பதினேழைத் தாண்டினா திருப்பி அனுப்பிருவான்.'
'தாண்டிருச்சு' என்றேன்.

ஆறு நாள் சரக்கை மட்டும் வைத்திருக்கிற கம்பெனிக்கு
இந்தச் சண்டை நல்ல தண்ணீர்.
அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டார்.
இருந்தது. விலை நானூற்றுச் சொச்சம்.
சிரித்துக்கொண்டே தாளை மடித்தார்.

'நூத்தம்பது வித்துடுங்க. அம்பது கெடக்கட்டும்.'
ஏன் ஐம்பது?
'எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல
அந்தக் கம்பெனிப் பெட்டிதான். எழுநூறு.
நல்லா ஓடுதுங்கிறா.'

அறுபத்தொன்று என்று தட்டினேன்.
மோடம் கீச்சிட்டது. லைன் அறுந்தது.
எங்கள் கம்ப்யூட்டர் இருநூற்று முப்பத்துமூன்று;
எழுந்து வர எப்போதும் நாலு நிமிஷம்.
அது எழுந்தபோது விலை ஐம்பத்தெட்டு தொண்ணூறு.

முந்நூற்றுப் பதினைந்து ரூபாய்.
திட்டுவார் என்று பார்த்தேன்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
நாலு மணிக்குக் கோரையாற்றுக்கு முறை மாற்ற வேண்டும்,
பஸ் பிடிக்க வேண்டும்.
பிரின்டர் கரகரவென்று துப்பிய ரசீதைக் கிழித்துக்கொண்டு
படியிறங்கிப் போனார்.

என்னிடமும் நாற்பது கதிர்மணி இருக்கிறது.
அவரிடம் சொல்லவில்லை.
சாயந்திரம், கடை மிஷின் நின்ற பிறகு,
இலக்கு நூற்றுப்பத்து என்ற வரியை
இன்னொரு முறை படித்தேன்.
ஃபேக்ஸ் தாளில் எழுத்து
அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தது.