இடது மூலையில் ஒரு வடிகால் மூடி

தொலைபேசியில் அந்தப் பெண் வழி சொல்லத் தொடங்கினாள்.
கூட்டுறவுக் கடை தாண்டி, தேவாலயத்தின் பின்புறம்,
பக்கவாட்டுக் கதவு, நிலவறைக்கு இறங்கும் ஒன்பது படி,
செவ்வாய் இரவு ஏழரை.
தெரியும் என்றேன்.
முன்பே வந்திருக்கிறீர்களா?
இல்லை.
அங்கே கார் நிறுத்துமிடத்தில்
இடது மூலையில் ஒரு வடிகால் மூடி,
அரை அங்குலம் துருத்திக்கொண்டிருக்கும்.
கிட்டே போனதும் அலகைத் தூக்கிவிட வேண்டும்,
இல்லாவிட்டால் விளிம்பு போய்விடும்.
மறுமுனை சற்று நேரம் பேசவில்லை.
பிறகு, காபி இருக்கும் என்றது.

பதினோரு குளிர்காலம்
நகராட்சியின் மஞ்சள் வண்டியில்
கிளேஸ் பே ஊரின் பனியைத் தள்ளியவள் நான்.
மற்ற இரவுகளில் அந்த இடம் காலி.
செவ்வாய்க்கிழமை மட்டும் பத்துப் பதினைந்து கார்கள்,
குறுக்கும் நெடுக்கும்.
புயல் எச்சரிக்கைக்கும் வீடு தங்காத
இவர்கள் யாரடா என்று
வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன்.
சீட்டாட்டம் என்று நினைத்தேன்.
ஒரு வருஷம் முழுக்க, பாடகர் குழு என்று.
என் இருக்கைக்கு அடியில் தேநீர்க் குடுவை.
அதில் தேநீர் இருந்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு விடிகாலை
பெர்னடீன் வீட்டு முன்படியை
அப்படியே பெயர்த்து எடுத்துப்போய்
தெருமுனைப் பனிக்குவியலில் சேர்த்தேன்.
படியில் யாரும் இல்லை.
யாரும் இல்லை என்பதை
நாளுக்கு நாற்பது முறை சொல்லிக்கொள்கிறேன்.
ஜன்னலில் அவள் நாய் மட்டும் நின்று
குரைக்காமல் பார்த்தது.

உரிமம் போனபிறகு
நடந்துதான் எங்கும்.
முதல் வாரம் கதவுவரை போய்த் திரும்பினேன்.
இரண்டாம் வாரம் புகைக்க வெளியே வந்தவரிடம்
மணி கேட்டேன்.
ஏழு இருபத்தெட்டு என்றார்.
பத்து நிமிஷம் பிந்தினால் குடி முழுகிவிடாது, வா என்றார்.
சொன்ன பிறகு அவரே சிரித்துவிட்டார்.
நான் சிரிக்கவில்லை, வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் வாரம் கால் மரத்துப்போயிருந்தது.
உள்ளே வெப்பம் என்பதால் இறங்கினேன்,
வேறு பெரிய காரணம் ஏதும் இல்லை.

சுவரில் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் வரைந்த
ஒட்டகச்சிவிங்கி, கப்பலுக்கு வெளியே
கழுத்தை நீட்டிக்கொண்டு.
மடக்கு நாற்காலிகள். உதிர்ந்த பிஸ்கட்.
போன வாரம் மணி சொன்னவர் லாக்கி,
சுரங்கத்தில் முப்பது வருஷம் இருந்தவர்,
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் இருமினார்.
இருமல் முடியும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.
என் முறை வந்தது.
டோலினா என்றேன்.
அதற்குமேல் வரவில்லை.
அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

அப்போது வெளியே என் வண்டி.
எஞ்சின் கரகரப்பு என் முதுகெலும்புக்குத் தெரியும்.
புதுப் பையன் ஓட்டுகிறான், வேகம் அதிகம்,
திருப்பத்தில் பிரேக்கை மிதிக்கிறான்.
இடது மூலைக்கு வருகிறான்.
தூக்கு, என்றேன் மனதுக்குள்.
தூக்குடா.

டங்.

காபிக் கலத்தின் மூடி துள்ளி விழுந்தது.
லாக்கி மேலே பார்த்தார்.
பழைய ஆள் தூக்கிவிடுவார், என்றார்.
அத்தனை வருஷத்தில் ஒரு செவ்வாய்கூட
நாங்கள் இந்தச் சத்தம் கேட்டதில்லை.
யாரென்று தெரியாது. நல்ல கை.

குடுவை காலியான இரவுகளிலும்
அந்த ஓர் இடத்தில் என் கை தானாக எழுந்தது எப்படி,
எனக்கே தெரியாது.
தொண்டையைச் செருமினேன்.
அந்த ஆள் நான்தான்.

அன்றிரவு நான் ஒப்புக்கொண்டது
அவ்வளவுதான்.
லாக்கி பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினார்.
அடுத்த வாரம் ஏழு மணிக்கே வா,
நாற்காலி போட ஆள் இல்லை என்றார்.

வெளியே வந்து
பூட்ஸ் நுனியால் பனியை விலக்கினேன்.
மூடியில் புதிதாக ஒரு கீறல், பளபளவென்று.
குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்த
உடைந்த துடைப்பக் கட்டையை எடுத்து
அதன் அருகே நட்டு,
என் சிவப்புக் கழுத்துத்துணியை முனையில் கட்டினேன்.
பையனுக்குத் தெரிய வேண்டுமே.

வீடுவரை கழுத்து குளிர்ந்தது.