எட்டு ஜிபி கர்நாடகா

கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி, சர்வீஸ் ரோட்டில்,
பஞ்சர் கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவே
ஆறுக்கு எட்டு அடி, என் கடை.
ரீசார்ஜ், டெம்பர் கிளாஸ்,
பென்டிரைவில் பாட்டு ஏற்றித் தரப்படும்.
எட்டு ஜிபி நிறைய அறுபது ரூபாய்.

பெயர்கள் நான் வைத்தவை அல்ல,
பழைய கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்தவை.
'புதுசு' என்ற ஃபோல்டர்
என் மகளுக்கு மூத்தது;
அவள் இப்போது பத்தாவது.
'சோகம்' கேட்டு வருகிறவர்கள்
சிரித்துக்கொண்டேதான் கேட்கிறார்கள்.
'லைட் மியூசிக்' என்று படிக்கும்போதெல்லாம்
கச்சேரிக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்கித் தூக்கிக்
குடலிறங்கிப் போன என் கொழுந்தன் முனிராஜு
அடிவயிற்றில் கைவைத்துக்கொண்டு
உட்காருவது கண்ணில் வரும்.

பர்கூரில் கல் ஏற்றும் திம்மராயன்
ஒருநாள் 'ராக்' மேல் விரலை வைத்தார். இது என்ன?
கல் என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்.
"அதான் பின்னால முப்பது டன் இருக்கே.
முன்னாலயும் எதுக்கு?"
அதற்குக் கீழே இருந்தது 'கர்நாடகா'.
அதைப் போடு என்றார்.
அத்திப்பள்ளி செக்போஸ்டில்
அந்த ஊர்ப் பாட்டு ஓடினால்
கொஞ்சம் முகம் பார்ப்பார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.
ஒரு தரம்கூடத் திறந்து கேட்டதில்லை.

நாலாம் நாள்
வண்டியை ஓரங்கட்டும் முன்பே கத்தினார்:
"சத்தமா வெச்சேன்மா.
போலீஸ்காரர் எட்டிப் பாத்து
வீட்ல ஏதும் விசேஷமான்னு கேக்குறாரு.
பேரு கர்நாடகா. கடை தமிழ்நாடு.
பாடுறது பூரா தெலுங்கு!"

காசைத் திருப்ப டிராயரை இழுத்தேன்.
வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"தெலுங்கு எங்க வீட்டுப் பேச்சும்மா.
எழுதத் தெரியாது, திட்டத் தெரியும்.
இந்தாளு சாமியத் திட்டுறான்.
எங்க போன, என்ன கோவம்,
நான் ஒருத்தன் இருக்குறது ஞாபகம் இருக்கா,
ஒரே வரி, பத்து தரம்.
ஓசூர் மேம்பாலம் ஏறி இறங்குற வரைக்கும்
'எப்புடு'லயே நிக்கிறான்.
வீட்ல இருந்து போன் வந்தா
எனக்கும் இதே வரிதான்.
அவ இவ்ளோ நிதானமா கேக்க மாட்டா."

கொஞ்சம் நின்று,
"இன்னும் இருக்கா?"

இருந்தது. ஏற்றிக் கொடுத்தேன்.

அவர் போனதும் பெயரை அழித்தேன்.
தெலுங்கு என்று வைத்தால்
சினிமாப் பாட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.
பக்தி என்றால் அந்தத் திட்டு எங்கே போகும்?
கர்சர் விட்டுவிட்டு மினுக்கியது.
பக்கத்தில் கொத்து பரோட்டா ஆரம்பித்திருந்தார்கள்.
அதற்குக்கூட எங்காவது ஒரு பெயர் வைத்திருப்பார்கள்.
எனக்கு ஞாபகம் இருந்தால் போதும் என்று
'திம்மராயன்' என அடித்து வைத்தேன்.

போன வாரம்,
மாங்கூழ் டிரம் ஏற்றிய நாமக்கல் வண்டி.
கிளீனர் பையன் பட்டியலைப் பார்த்து
அதில் கொஞ்சம் இதில் கொஞ்சம் வாங்கிப் போனான்.
திரும்பி வரும்போது டிரைவர்
எஞ்சினை அணைக்காமல் தலையை நீட்டுகிறார்:

"என்னா குரலுங்க அது!
அந்தத் திம்மராயன் எந்த ஊரு?"

பர்கூர் என்றேன்.