மண் இருக்கு, வா

பன்றி இறைச்சிப் பொட்டலத்தை
அல்வானியிலேயே நாய்க்குப் போட்டுவிட்டான் இமேதா.
மேலே ஆகாது. மலைக்குப் பிடிக்காது.
வண்டிக்குள் பதினோரு தேன்பெட்டிகள்,
வாசலில் வலை அடித்து.
முன்கண்ணாடியில் ஒரு விரிசல்,
போன வருஷத்துக் கல் போட்டது.

ஸ்தோரி ஆறு முதலில் பக்கத்தில் ஓடியது,
பிறகு கீழே,
பிறகு வெறும் சத்தமாக,
பிறகு அதுவும் இல்லை.
பாதை திறந்து நான்கு நாள்தான் ஆகிறது.
புல்டோசர் வெட்டிய பனிச்சுவர்களுக்கு நடுவே
ஈரச் சந்து.
அருவிகள் எங்களைக் கேட்காமலே
குறுக்கே நடந்தன.
வளைவுக்கு வளைவு இரும்புச் சட்டத்தில் ஒரு முகம்,
முன்னால் ஒரு பாட்டில், இரண்டு கோப்பை.
எல்லா முகங்களுக்கும் ஹாரன் அடிப்பான் இமேதா.

நான் மலையைப் பார்ப்பதில்லை.
இருபது வருஷமாக இந்தப் பாதையில்
நான் பார்த்ததெல்லாம்
என் பக்கத்து முன்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே
மிச்சமிருக்கும் மண்.

நாற்பத்தோராவது வளைவில்
எதிரே லாரி,
காலி டீசல் பீப்பாய்களோடு.
பச்சைக் கதவின் அந்த நசுங்கல் எனக்குத் தெரியும்.
ஷேத்தே. என் தம்பி.

ஆறு வருஷத்துக்கு முன்
இரவல் போன மரம் அறுக்கும் மெஷின்
சங்கிலி இல்லாமல் திரும்பி வந்தது.
வாங்கியது யார் என்று சொல்லமாட்டேன்.
அன்றிலிருந்து ஒரே சாவு வீட்டில்
இருவரும் எதிரெதிர்ச் சுவரைப் பார்த்து நிற்பார்கள்.

ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும்,
அது சட்டம்.
அகலம் யார் முதுகுக்குப் பக்கமோ
அவன் பின்வாங்க வேண்டும்,
அதுவும் சட்டம்தான்.
அகலம் எங்களுக்குப் பின்னால், அறுபது கஜத்தில்.
இரண்டு எஞ்சினும் அணைந்தன.

இறங்கினேன்.
செய்ய ஒன்றுமில்லாததால் நிமிர்ந்தேன்.
ஏறிவந்த சாலை கீழே கிடந்தது,
அவசரத்தில் அவிழ்த்தெறிந்த இடுப்புக்கயிறு மாதிரி.
எதிர்ச்சரிவு முழுக்க வெள்ளை ரோடோடென்ட்ரான்.
ஒரு மேக நிழல் புல்வெளியை மேய்ந்துகொண்டே போனது.
முகடுகளை எண்ணினேன். ஒன்பது வரை வந்தது.
பத்தாவது மலையா வானமா, தெரியவில்லை.
இத்தனை நாளும் இது இங்கேயா இருந்தது?
கொஞ்சம் கோபம்கூட வந்தது.

வெயில் வண்டிக்கூரையில் ஏறியது.
பெட்டிகளின் முணுமுணுப்பு இரைச்சலானது.
"தேனீ வெந்துபோகும்" என்றான் இமேதா,
என்னிடமா ஸ்டியரிங்கிடமா.
ரிவர்ஸ் கியர் கரகரத்தது.

பின்சக்கரம் எங்கே போகிறதென்று
அவனுக்குத் தெரியாது.
முன்னால் நின்ற எனக்கும் தெரியாது.
லாரிக் கதவு திறந்தது.
ஷேத்தே எங்களைத் தாண்டிப் போய்
விளிம்பில் நின்றான், பாதிக் குதிகால் காற்றில்.
கையைத் தூக்கினான்.

"வலது."

ஆறு வருஷத்தின் முதல் சொல்.

"இன்னும்.
ஒடிக்காதே, நேரா.
மண் இருக்கு, வா."

இமேதா பக்கக் கண்ணாடியில்
பள்ளத்தைப் பார்க்கவில்லை.
அந்தக் கையையே பார்த்தான்,
அறுபது கஜமும்.

லாரி கடக்க, கண்ணாடியை மடக்க வேண்டியிருந்தது.
யாரும் நிறுத்தவில்லை.
ஒரு பீப்பாய் மட்டும் உருண்டு டொங்கென்றது.

அபானோ கணவாயில்
பெட்டிகளுக்குக் காற்றுக் காட்ட நின்றோம்.
நான் மறுபடியும் எண்ணிக்கொண்டிருந்தேன்,
இந்தப் பக்கம் வேறு முகடுகள்.
இமேதா வெகுநேரம் பேசவில்லை.
பிறகு, பற்றவைக்காத சிகரெட்டோடு,
"அவன் சைலன்சரில் ஓட்டை" என்றான்.
"கம்பி போட்டுக் கட்டாவிட்டால்
ஆற்றுக்குப் போவதற்குள் விழுந்துடும்."

என்னிடம் போன் இருந்தது.
சிக்னல் ஒரு கோடு.