மழை, இரண்டு லோடு

ரசீதில் அப்படித்தான் எழுதுவார்கள்
புரொடக்‌ஷன் மேனேஜர்கள்:
மழை, இரண்டு லோடு.
கீழே என் கையெழுத்து.
கா. பொங்கியண்ணன், டேங்கர் லாரி,
கோட்டூர் ரோடு, பொள்ளாச்சி.

பெயர் சொல்லாமல் போன் செய்தாலும்
யார் படமென்று தெரிந்துவிடும்.

"தண்ணியில நாலு லிட்டர் பால் ஊத்திருங்கண்ணா"
என்றால் கிருபாகர தாஸ்.
அவர் மழை வெள்ளையாய்த் தெரிய வேண்டும்.
பின்னால் ஒரு நீல விளக்கு.
நாயகி திரும்புமுன் அவள் கூந்தல் திரும்பும்.
பத்து வருசமாக ஒரே பெண்தான் நனைகிறாள்,
முகத்தை மட்டும் மாற்றுகிறார்.

மார்க்கண்டனுக்குச் சாவு இல்லாமல் மழை இல்லை.
கறுப்புக் குடை பதினொன்று.
பன்னிரண்டாவது ஆள் எப்போதும் நனைவான்.
காமிரா தரையோடு படுத்துக் கிடக்கும்.
செருப்புகளை வைத்தே சொல்லிவிடுவார்
யார் அழுகிறார்கள்,
யார் பங்கு கேட்க வந்திருக்கிறார்கள் என்று.
சேத்துமடைப் பக்கம் அவர் புதைத்தவர்களை எண்ணினால்
ஒரு பஞ்சாயத்து வார்டு தேறும்.

நித்திலா மழையே வேண்டாம் என்பார்.
அரை லோடு, ஓட்டுமேல் ஊற்றிவிட்டு நிறுத்துங்கள்.
பிறகு நாற்பது பேரும் மூச்சடக்கி நிற்போம்.
ஓட்டு நுனியில் ஒரு சொட்டு
கனத்து
கனத்து
விழலாமா என்று யோசித்து
விழும்.
அதற்குள் ஒரு குடும்பம் பிரிந்திருக்கும்.
காசு முழு லோடுக்கும் கொடுத்தார்.

ஆழியாறில் பாறை தெரிந்த சித்திரை அது.
ஊத்துக்குளிக்கு அக்கட்டால மார்க்கண்டனின் இழவு வீடு.
சுவருக்குப் பின்னால் குடங்கள்.
முதல் குடத்துக்காரி துளசாமணி
செட்டுக்காரர்களைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்:
"ஏனுங், இந்த மழை எங்க ஊட்டுப் பக்கம் பெய்யாதுங்களா?"

ஷாட் ஓடிக்கொண்டிருந்தது.
ஒரட்டாங்கையால் பக்கத்து வால்வைத் திறந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
மூடினேன்.
யாரும் திரும்பவில்லை.
எல்லாரும் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தீபாவளிக்குப் படம் வந்தது.
உடுமலையில் இரண்டாம் ஆட்டம்.
குழிமேல் கொட்டிய மழை
சட்டென்று தொய்ந்து, நூலாகி,
மறுபடி வலுத்தது.
வயிற்றில் புளி கரைத்தது எனக்கு.
வாடகையைப் பிடித்துக்கொள்வார்களோ?

பேப்பரில் ஒருவர் எழுதினார்:
துக்கத்தில் வானமே ஒரு கணம் விக்குகிறது,
இது மார்க்கண்டன் முத்திரை.
மனுசன் மறுக்கவில்லை.
அடுத்த படத்துக்கு அவரே போன் செய்தார்.
"பொங்கியண்ணன், அந்த விக்கற மழை வேணும்.
அதேதான்."

இப்போது அவருடைய உதவியாளர்கள் படமெடுக்கிறார்கள்,
அவர்களுடைய உதவியாளர்களும்.
எல்லார் மழையும் விக்குகிறது.
கிருபாகர தாஸின் பெண்கூட
திரும்பும்போது ஒரு நொடி காய்ந்துவிடுகிறாள்.
நித்திலா மட்டும் ஒருநாள்
டீ கிளாசோடு லாரி பக்கம் வந்து
வால்வையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

டைட்டிலில் தண்ணீர் உதவி என்று
கடைசியில் ஓடும் என் பெயர்,
எழுந்து போகிறவர்களின் முதுகுமேல்.

போன நோம்பிக்கு டிவியில் போட்டார்களாம்
மார்க்கண்டனின் அந்த அடுத்த படத்தை.
டீக்கடையில் துளசாமணி பிடித்துக்கொண்டாள்.
"இதுலயும் நாலு கொடமுங். எண்ணிப் பாத்தனுங்."
சிரித்தாள்.
"இந்த வாட்டி ஆருக்குங் புடிச்சீங்க?"

அந்த வருசம் வாய்க்காலில் தண்ணீர்.
சுவருக்குப் பின்னால் ஒருவரும் இல்லை.
நாலு எண்ணி
மண்ணில் விட்டேன்.